வீட்டுப் பூனைக்கு எது ஆபத்து, எது இல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதன்முதலாகப் பூனைக்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருபவர்களும், தனி வீட்டிலிருந்து அபார்ட்மென்ட்டுக்கு மாறுபவர்களும் எங்களிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டு வீடுகளில் சாதாரணமாக இருக்கும் பொருட்களையும் பழக்கங்களையும் வைத்து எழுதப்பட்டவை.

பூனை தன்னைத் தானே பார்த்துக்கும்னு சொல்வாங்களே? அதுக்காக வீட்டையே மாத்தணுமா?

வீட்டை மாற்ற வேண்டாம். பூனையின் மூன்று பழக்கங்களைத் தெரிந்துகொண்டு, அவை எங்கே மோதும் என்று பார்த்தால் போதும். முதலாவது, அதற்கு எட்டாத உயரம் என்று வீட்டில் எதுவும் கிடையாது. பரண், பீரோ மேல், ஃப்ரிட்ஜ் மேல் எல்லாம் அதன் நடைபாதைதான். இரண்டாவது, தலை நுழையும் இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும். பூனையின் தோள் எலும்பு நமக்கு இருப்பதுபோல் மார்புக்கூட்டோடு இறுக்கமாகப் பிணைந்திருக்காது.

மூன்றாவதுதான் அதிகம் பேர் யோசிக்காதது. விழித்திருக்கும் நேரத்தில் பெரும் பங்கை அது உடம்பை நக்குவதில் செலவழிக்கிறது. ஆகவே காலில் ஒட்டியது, முடியில் பட்டது எல்லாம் வயிற்றுக்குள் போகும். நம் கல்லீரல் சுலபமாக முறித்து வெளியேற்றும் பல ரசாயனங்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது, அதற்கான நொதி மிகக் குறைவு. நமக்கு ஒன்றும் செய்யாத பொருள் பூனையைக் கொல்வது இதனால்தான். கீழே வரும் பல பதில்களுக்கு இதுவே காரணம்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல செய்ய முடியாது. முதல்ல எதை?

பால்கனி, மருந்தும் பினாயிலும், நூல். இந்த வரிசையில் செய்யுங்கள். இவை மூன்றும் சரியாகும்வரை பூனையை ஒரே அறையில் வையுங்கள். ஜன்னல் மூடக்கூடிய, பரண் இல்லாத, கட்டிலுக்கு அடியில் கை விட்டு எடுக்கக்கூடிய அறையாக இருக்கட்டும். அதில் பூனை மலம், சிறுநீர் கழிக்கும் மண் தட்டு ஒரு மூலையிலும், சாப்பாடும் தண்ணீரும் எதிர் மூலையிலும், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும் போதும். புதிதாக வந்த பூனைக்கு எப்படியும் முதல் வாரம் ஒரே அறைதான் நல்லது. முழு வீட்டையும் திறந்துவிட்டால் பயத்தில் பரணிலோ பீரோவுக்குப் பின்னாலோ புகுந்துகொண்டு வெளியே வராது.

பால்கனிக்குப் புறா வலை போட்டிருக்கோம். அது போதாதா?

போதாது. அந்த நைலான் வலை வெளியிலிருந்து வரும் புறாவைத் தடுக்கச் செய்தது. உள்ளிருந்து நாலு கிலோ எடையோடு பாய்ந்து, நகத்தால் தொங்கி, பல்லால் கடிக்கும் பிராணிக்காகச் செய்ததல்ல. வெயில் படப்பட நைலான் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும், இழுத்தால் அறுந்துவிடும். கொக்கிகளை ஆட்கள் தள்ளித்தள்ளி அடித்திருப்பார்கள், அதிலும் அடிப்பக்கம் தளர்வாகவே இருக்கும். பூனை வெளியேறுவது பெரும்பாலும் அந்த அடி ஓரத்தில்தான்.

நம்பக்கூடியது அலுமினியம் அல்லது இரும்புச் சட்டத்தில் பொருத்திய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை. கண் ஓர் அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 304 தரம் என்று கேட்டு வாங்குங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை சீக்கிரமே துருப்பிடிக்கும். சட்டம் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து கூரைவரை முழுதாக அடைக்க வேண்டும். பாதி உயரம் வலை போடுவது ஏறுவதற்கு ஏணி வைத்துக் கொடுப்பதற்குச் சமம்.

நைலான்தான் முடியும் என்றால் தடித்த, முடிச்சுப் போட்ட, சிறு கண் வலையாக எடுத்து, நான்கு பக்கமும் ஓர் அடிக்கு ஒன்றாக ஸ்டீல் கொக்கி அடித்து, ஓரத்தில் கம்பிக் கயிறு கோத்து இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கூலி கொடுப்பதற்கு முன் அடி ஓரத்தை உள்ளங்கையால் பலமாக வெளியே தள்ளிப் பாருங்கள். விரல்களை மடக்கிய கை நுழையும் இடைவெளி விழுந்தால் பூனையின் தலையும் நுழையும். மாதம் ஒரு முறை இதே சோதனையைச் செய்யுங்கள். நைலான் வலை உள்ள பால்கனியில் பூனையைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போக வேண்டாம்.

வாடகை வீடு, சுவத்துல டிரில் போட ஓனர் விட மாட்டார். என்ன பண்றது?

கிரில் இருந்தால் வேலை சுலபம். கிரில் கம்பிகளின் இடைவெளி சாதாரணமாக நாலு அங்குலம் இருக்கும். குட்டி தாராளமாகப் போய்விடும். அதன் உள்பக்கம் ஸ்டீல் வலையை வைத்து, கட்டுக் கம்பியால் ஓர் அடிக்கு ஓர் இடம் முறுக்கிக் கட்டுங்கள். முறுக்கிய கம்பி முனைகள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும், இல்லாவிட்டால் கண்ணைக் குத்தும். பிளாஸ்டிக் டை மட்டும் போட்டுக் கட்டாதீர்கள், கடித்து எடுத்துவிடும். காலி செய்யும்போது கம்பியை வெட்டினால் ஓர் அடையாளமும் இருக்காது.

கிரில் இல்லாத, துளையும் போட முடியாத திறந்த பால்கனிக்கு வழி ஒன்றுதான்: கதவை மூடி வையுங்கள். துணி காயப்போட நீங்கள் போகும்போதும் பூனை உள்ளே இருக்கட்டும். வெயில் காய அதற்குக் கிரில் ஜன்னல் ஓரத்தில் ஒரு பலகை போட்டுக் கொடுங்கள்.

எவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தாலும் பூனை நாலு கால்ல இறங்கும்ல? நாங்க ரெண்டாவது மாடிதானே?

நாலு காலில் இறங்கும், அடிபடாமல் இறங்காது. தரையில் மோதும் வேகத்தில் தாடை சிமென்ட்டில் அடித்து உடையும், மேலண்ணம் பிளக்கும், நுரையீரல் நசுங்கி மார்புக்குள் காற்று கசியும், கால் எலும்பு முறியும். மாடியிலிருந்து விழுந்து நியூயார்க்கில் ஒரு மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஓர் ஆய்வு வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 90 சதவீதம் பிழைத்தன. இதைக் காட்டித்தான் பலர் தைரியம் சொல்கிறார்கள். விழுந்த இடத்திலேயே செத்தவை மருத்துவமனைக்கு வரவே இல்லை, கணக்கிலும் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பூனை குதித்து விழுவதில்லை. அணிலையோ புறாவையோ பார்த்துப் பாய்ந்து, கிரானைட் பதித்த வழவழப்பான கைப்பிடிச் சுவரில் நகம் பிடிக்காமல் வழுக்கித்தான் விழுகிறது. தினமும் அதே சுவரில் நடந்து பழகிய பூனைக்கும் இது நடக்கும். விழுந்த பூனை எழுந்து நடந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரல் காயமும் சிறுநீர்ப்பை கிழிந்திருப்பதும் சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

ஜன்னல்ல கொசுவலை இருக்கே, அதை நம்பலாமா?

வெல்க்ரோ ஒட்டிய ஃபைபர் வலையை நம்பாதீர்கள். பூனை முன்னங்காலை ஊன்றிச் சாய்ந்தாலே ஒரு மூலை பிரிந்துவிடும். அலுமினியச் சட்டம், ஸ்டீல் வலை, உள்பக்கத் தாழ்ப்பாள் மூன்றும் இருந்தால் சரி. இழுக்கும் வகை ஜன்னல் கதவைப் பூனை காலால் தள்ளித் திறக்கப் பழகிவிடும். தடத்தில் ஒரு ஸ்டாப்பர் திருகுங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் துளையையும், கண்ணாடிப் பட்டை கழன்று கிடக்கும் குளியலறை வென்டிலேட்டரையும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். மறந்துபோகும் இடங்கள் இவைதான்.

தினமும் பினாயில் போட்டுத்தான் தரை துடைக்கிறோம். அதுல என்ன இருக்கு?

பழைய கருப்புப் பினாயிலில் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த ஃபீனால் வகைகள் இருக்கும். வெள்ளைப் பினாயிலில் பைன் எண்ணெய். காயத்துக்குப் போடும், தண்ணீரில் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினியில் குளோரோசைலினால். பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாதவை என்று முதல் பதிலில் சொன்ன பட்டியலில் இவை முன்னால் நிற்கின்றன. ஈரத் தரையில் நடந்து, சோபாவில் உட்கார்ந்து காலை நக்கும். எச்சில் கொட்டும், நாக்கு ஓரம் வெந்துபோகும், சாப்பிட வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பும், தள்ளாடும். சாப்பாட்டில் கோளாறு என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

சாதாரண நாளில் ஒரு பக்கெட் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் போதும். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு துடைப்பு. கிருமிநாசினி போட்டே ஆக வேண்டிய நாளில் பூனையை வேறு அறையில் வைத்து, பாட்டிலில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றாமல் துடைத்து, பத்து நிமிடம் கழித்து வெறும் தண்ணீரில் மறுபடி துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு திறந்துவிடுங்கள். ஏற்கெனவே காலில் பட்டுவிட்டால் நக்க விடாமல் உடனே வெறும் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள். பக்கெட்டை நடுக்கூடத்தில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் பல வீடுகளில் உண்டு.

பூனைச் சிறுநீர் பட்ட இடத்தில் பிளீச்சிங் கரைசலை நேராக ஊற்றாதீர்கள். சிறுநீரில் உள்ள அம்மோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு பிளீச் சேர்வது அதைவிட மோசம். கழிப்பறை மூடியை எப்போதும் மூடி வையுங்கள்.

கொசுவத்தி, லிக்விட் மெஷின் இல்லாம இங்க ராத்திரி தூங்கவே முடியாதே?

அவற்றில் இருப்பவை பைரித்ராய்டு வகை மருந்துகள். லிக்விட் மெஷினைக் காற்றோட்டமுள்ள அறையில், பூனை எட்டாத பிளக்கில், தேவைப்படும் மணி நேரங்களுக்கு மட்டும் போட்டால் பெரும்பாலும் தொந்தரவு வராது. கதவு ஜன்னல் சாத்திய சின்ன அறையில் பூனையோடு கொசுவத்தி ஏற்றுவது கூடாது. புகை மூச்சுக்குழாயைப் பாதிக்கும், ஆஸ்துமா உள்ள பூனைகளும் உண்டு. ஜன்னல்களுக்கு நல்ல வலை போடுவது கொசுவுக்கும் சேர்த்துத் தீர்வு.

இதே வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின்தான் கொடூரமானது. நாய்க்கு உண்ணி, தெள்ளுப்பூச்சி போக முதுகில் விடும் சில சொட்டு மருந்துகளில் அது இருக்கும். ‘கொஞ்சமா விட்டா போதும்’ என்று பூனைக்கு விட்டால் உடம்பு முழுக்க நடுக்கம், வலிப்பு, சாவு. வீட்டில் நாயும் இருந்தால் நாய்க்கு மருந்து விட்ட பிறகு இரண்டு மூன்று நாள் இரண்டையும் பிரித்து வையுங்கள். கரப்பானுக்குத் தரையில் கோடு போடும் சாக்பீஸும் இதே குடும்பம். பூனை அந்தக் கோட்டின் மேல் நடந்து காலை நக்கும். கரப்பானுக்கு ஜெல் வாங்கி, கதவுக் கீல் இடுக்கிலும் சிங்க்குக்குப் பின்னாலும் புள்ளி வையுங்கள். பாச்சை உருண்டை, கற்பூரம், நீலகிரித் தைலம், வலித் தைலம் எல்லாம் மூடி போட்ட டப்பாவில் இருக்கட்டும். சாம்பிராணி போடும்போது பூனை வேறு அறையில் இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

உடம்பு சுடுது. பாரசிட்டமால் கால் மாத்திரை மட்டும் கொடுக்கலாமா?

கால் மாத்திரையும் கூடாது, குழந்தைகள் சிரப் ஒரு சொட்டும் கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். விஷமுறிவு மருந்து உண்டு, ஆனால் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவற்றையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

பூனையின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ்வரை. நம் கைக்கு அது எப்போதும் சுடுவதுபோலத்தான் தெரியும். ஃப்ரிட்ஜ் மேல் கூடையில் மாத்திரை வைக்கும் பழக்கத்தை விடுங்கள். கீழே விழுந்த மாத்திரையைப் பூனை காலால் உருட்டி விளையாடும்.

வீட்டுக்குள்ள செடி வச்சிருக்கோம். எது எதைத் தூக்கணும்?

பூங்கொத்துகளில் வரும் லில்லி வீட்டுக்குள் வரவே கூடாது. இதழ், இலை, முடியில் ஒட்டிய மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதுவானாலும் சிறுநீரகம் ஓரிரண்டு நாளில் செயலிழக்கும். முதல் நாளே சிகிச்சை தொடங்கினால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம், தாமதித்தால் குறைவு. நம் மாநில மலரான செங்காந்தளில் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, அதன் கிழங்கு மிகக் கடுமையான விஷம். அரளி இதயத்தை நிறுத்தும். பனைபோல் இலை விரிக்கும் அலங்காரச் செடியான சைகஸ் கல்லீரலைக் கெடுக்கும். இந்த நான்கையும் பூனை இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள்.

மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா, பீஸ் லில்லி (பெயரில் லில்லி இருந்தாலும் இது வேறு செடி) ஆகியவை வாயை எரித்து எச்சில் வடியச் செய்யும். உயிருக்கு ஆபத்து அரிது, ஆனாலும் மேலே தொங்கவிடுங்கள். கற்றாழையைத் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. அரிக்கா பாம், ஸ்பைடர் பிளான்ட், ரோஜா, மல்லிகை விஷமற்றவை. ஒரு தொட்டியில் கோதுமையோ அறுகம்புல்லோ வளர்த்துக் கொடுத்தால் மற்றச் செடிகளைக் கடிப்பது குறையும்.

மல்லிப்பூச் சரத்தை இழுத்து விளையாடுது, பார்க்கவே அழகா இருக்கு. விடலாம்ல?

பூ சரி, அதைக் கட்டிய நூல்தான் எமன். பூனை நாக்கில் உள்ள முட்கள் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். நூல் ஒரு முறை நாக்கில் சிக்கினால் அதனால் துப்ப முடியாது, விழுங்க மட்டுமே முடியும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே போகும். குடல் நூலின் மேல் சுருங்கிச் சேர்ந்து, நூல் குடலை அறுத்துவிடும். அறுவை சிகிச்சை செய்யும் நிலைக்குப் பூனையைக் கொண்டுவரும் வீட்டு ஆபத்துகளில் இது முக்கியமானது.

பூ நூல், வாழைநார், ஊசி கோத்த தையல் நூல், மாஞ்சா, புடவை ஜரிகை, பொட்டலம் கட்டிய நூல், ரப்பர் பேண்ட், தலைமுடி ரப்பர் எல்லாம் மூடிய டப்பாவுக்குள் போக வேண்டும். இறைச்சி, மீன் சுற்றிவந்த நூல் இன்னும் ஆபத்து, மணத்துக்காகவே தின்னும். வாடிய சரத்தைத் திறந்த குப்பைக்கூடையில் போடாதீர்கள். கயிறு கட்டிய விளையாட்டுக் குச்சியை விளையாடி முடித்ததும் பீரோவுக்குள் வையுங்கள்.

வாயிலோ ஆசனவாயிலோ நூல் முனை தெரிந்தால் இழுக்காதீர்கள். இழுத்தால் உள்ளே குடல் கிழியும். அப்படியே விட்டு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கண்ணு படாம இருக்க கழுத்துல கருப்புக் கயிறு கட்டியிருக்கோம். தப்பா?

கழற்றிவிடுங்கள். குட்டி மூன்று மாதத்தில் இரண்டு மடங்காக வளரும், கயிறு வளராது. முடிக்குள் மறைந்து தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிய பிறகு நாற்றம் வந்துதான் பலருக்குத் தெரிகிறது. ஜன்னல் கொக்கியில் மாட்டித் தொங்குவதும், கீழ்த்தாடை கயிற்றுக்குள் சிக்குவதும் நடக்கும். பட்டை வேண்டுமென்றால் பலமாக இழுத்தால் தானே திறக்கும் பூனைப் பட்டையை வாங்குங்கள். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும், அதற்கு மேல் தளர்வு கூடாது.

நாங்க சாப்பிடுறதையே போடுறோம். எது ஆகாது?

வெங்காயம், பூண்டு. பச்சையோ வெந்ததோ பொடியோ, இரண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாம்பார், மீன் குழம்பு, சில்லி சிக்கன் எல்லாவற்றிலும் அவை உண்டு. சமைத்த கோழி எலும்பு ஊசியாக உடையும். கருவாட்டில் உப்பு அதிகம். திராட்சை, சாக்லெட் வேண்டாம். வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பு வாயைப் பொசுக்கும். மீனும் கோழியும் தனியாக வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள்ளையும் எலும்பையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

சமையல் மேடைக்கு ஏறிக்கிட்டே இருக்கு. அடிச்சாலும் கேக்கல.

அடித்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் ஏறப் பழகும். அது தேடுவது மணத்தையும் உயரத்தையும். மேடையைச் சாப்பாட்டு வாசனை இல்லாமல் துடைத்துவிட்டு, அதே அளவு உயரத்தில் அருகிலேயே உட்கார ஓர் இடம் கொடுங்கள். ஸ்டூல் மேல் ஒரு மெத்தை போதும். அங்கே உட்காரும்போது தின்பண்டம் கொடுங்கள்.

கண்ணாடி அடுப்பு அணைத்த பிறகும் சில நிமிடம் சுடும், பாதம் வெந்துவிடும். சூடான வாணலியை அதன் மேல் வைத்தே ஆறவிடுங்கள், பிறகு மூடி போடுங்கள். அழுத்தித் திருப்ப வேண்டிய குமிழைப் பூனையால் திறக்க முடியாது. தேய்ந்துபோய்த் தொட்டாலே திரும்பும் பழைய குமிழைத் திறந்துவிடும். குமிழை மாற்றுங்கள், இரவில் ரெகுலேட்டரை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். பூஜை அறை விளக்கு எரியும்போது கதவு சாத்தியிருக்கட்டும்.

வாஷிங் மெஷின்ல பூனை மாட்டிக்கும்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம். முன்பக்கம் திறக்கும் மெஷினில் அழுக்குத் துணி கிடந்தால் அதற்கு அதைவிட இதமான குகை கிடையாது. துணி போடுவதற்கு முன்னும், பட்டனை அழுத்துவதற்கு முன்னும், இரண்டு முறை கையை உள்ளே விட்டுத் துழாவுங்கள். எட்டிப் பார்ப்பது போதாது, கருப்புப் பூனை துணிக்கு நடுவில் தெரியாது. மெஷின் கதவை எப்போதும் மூடி வையுங்கள்.

பீரோவும் அப்படித்தான். புடவை எடுக்கத் திறந்தபோது உள்ளே போய், பூட்டிவிட்டு நீங்கள் ஊருக்குக் கிளம்பினால் முடிந்தது. கிளம்புவதற்கு முன் பூனையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்ட வேண்டும். மடக்கும் சோபா, ஊஞ்சல், சாய்வு நாற்காலி இவற்றில் கால், வால் நசுங்கும்; உட்காரும் முன் அடியில் பாருங்கள். வெளியே போய்வரும் பூனை என்றால் மழைக்காலக் காலையில் காரைக் கிளப்பும் முன் பானட்டில் இரண்டு தட்டு தட்டுங்கள், எஞ்சின் சூட்டுக்கு உள்ளே படுத்திருக்கும்.

வயரைக் கடிக்குது. ஷாக் அடிக்காதா?

அடிக்கும். பல் முளைக்கும் நாலாவது முதல் ஆறாவது மாதம்வரை அதிகம் கடிக்கும். சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றி உருவி வையுங்கள், ஃப்ரிட்ஜ், டிவி வயர்களைப் பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள். மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள், அது உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் பாதுகாப்பு. சீலிங் ஃபேன் இறக்கைக்கு அருகில் பரணோ பீரோவோ இருந்தால் அங்கே ஏறும் வழியை அட்டைப்பெட்டி வைத்து அடையுங்கள்.

தனி வீடு, தோட்டம் இருக்கு. கிணறு, சம்ப், பாம்புன்னு பயமா இருக்கு.

சம்ப் மூடி இடைவெளியின்றி உட்கார வேண்டும், கிணற்றுக்கு இரும்பு வலை வேண்டும். குட்டிக்குப் பாதி நிரம்பிய பக்கெட்டே போதும். வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் ஏற முடியாமல் களைத்து மூழ்கும். டிரம்முக்கு மூடி போடுங்கள்.

பாம்பைப் பார்த்தால் பூனை விலகாது, விளையாடப் போகும். விறகுக் குவியல், செங்கல் அடுக்கு, எலி வளை மூன்றையும் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி ஒழித்தால் பாம்பு வருவது குறையும். இருட்டிய பின் பூனையை உள்ளே வைத்திருங்கள். தேரையைக் கவ்வினால் நுரை தள்ளும். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் ஈரத்துணியால் வாயைப் பலமுறை துடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். பல்லியைத் தின்பதால் கல்லீரல் புழு தொற்றும், அடிக்கடி தின்னும் பூனை மெலிந்தாலோ கண் வெள்ளை மஞ்சளானாலோ காட்டுங்கள்.

எலி மருந்து நீங்கள் வைக்காவிட்டாலும் பக்கத்து வீட்டில் வைப்பார்கள். விஷம் தின்ற எலியைத் தின்றாலும் பூனைக்கு ஆபத்துதான். எலிப் பசை அட்டையில் ஒட்டிக்கொண்டால் பிய்த்து எடுக்காதீர்கள், தோல் வந்துவிடும். சமையல் எண்ணெயைச் சுற்றிலும் தேய்த்துப் பசையை இளக்கி, மெல்ல விடுவித்து, பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெயைக் கழுவிவிடுங்கள்.

மருமகள் மாசமா இருக்கா. பூனையை எங்கயாவது விட்டுடச் சொல்றாங்க.

விட வேண்டாம். பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. தொற்று உள்ள பூனையின் மலத்தில் அது வெளியேறினாலும், மற்றவருக்குத் தொற்றும் நிலையை அடைய ஒரு நாள் முதல் ஐந்து நாள்வரை ஆகும். ஆகவே மண் தட்டைத் தினமும், கர்ப்பிணி அல்லாத ஒருவர் சுத்தம் செய்தால் வழி அடைபடும். பூனைக்குப் பச்சை இறைச்சி வேண்டாம், எலி பிடிக்க வெளியே போக வேண்டாம். சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் மனிதருக்கு இந்தத் தொற்று வர முக்கிய வழிகள் என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். மகப்பேறு மருத்துவரிடமும் பேசுங்கள்.

குழந்தை பிறந்த பிறகு, தூளியில் தூங்கும் அறைக்குள் யாரும் இல்லாதபோது பூனையை விடாதீர்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, சூடான இடத்தில் படுக்க ஏறும்.

தீபாவளிக்கு என்ன ஏற்பாடு? வெயில் காலத்துக்கு?

தீபாவளிக்கு முந்தின நாளிலிருந்தே, இரண்டாவது கேள்விக்குச் சொன்ன ஒற்றை அறை ஏற்பாட்டுக்குத் திரும்புங்கள். ஜன்னல் சாத்தி, திரை இழுத்து, ஃபேன் சத்தம் ஓடட்டும். ஒளிந்த இடத்திலிருந்து இழுத்து வெளியே எடுக்காதீர்கள். வாசல் கதவு அடிக்கடி திறக்கும் நாள் அது, காணாமல் போவது அன்றுதான் அதிகம்.

கோடையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறை, மூடிய பால்கனி, நிறுத்திய கார் மூன்றிலும் பூனையை அடைக்காதீர்கள். பூனை நாயைப்போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அபாய நிலை. ஈரத்துணியால் வயிறு, அக்குள், பாதம் துடைத்து, ஃபேனுக்கு முன் வைத்து, கிளம்புங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

விஷம் தின்னுடுச்சுன்னு சந்தேகம். உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

கூடாது. உப்பே பூனைக்கு விஷமாகும், மயக்கத்தில் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். பினாயில், ஆசிட் வகை என்றால் வாந்தி தொண்டையை மறுபடி பொசுக்கும். பாலும் மோரும் விஷத்தை முறிக்காது. உடம்பில் பட்டதைக் கழுவுங்கள், நக்க விடாமல் துண்டில் சுற்றுங்கள், பாட்டிலையோ அட்டையையோ செடியின் கிளையையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதைச் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. உங்களுக்கு அருகில் இரவிலும் பார்ப்பவர் யார் என்பதை இன்றே விசாரித்து, எண்ணைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். பூனைக் கூடையைப் பரணில் போடாமல், திறந்தபடி தரையில் வைத்துப் படுக்கையாகப் பழக்குங்கள். அவசரத்தில் பூனையைக் கூடைக்குள் திணிப்பதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

ஆண் பூனை எந்நேரமும் கதவுகிட்டயே நிக்குது. எப்படித் தடுக்கறது?

ஐந்து ஆறு மாதத்தில் கருத்தடை செய்துவிடுங்கள். எவ்வளவு வலை போட்டாலும், பெண் பூனையின் குரல் கேட்கும் ஆண் பூனை வழி தேடிக்கொண்டே இருக்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, ஆண்டுதோறும் தொடருங்கள்; வெளியே போகாத பூனைக்கும் வேண்டும். மரக்கதவுக்கு முன் இரும்புக் கேட் இருந்தால் அதன் கீழ்ப்பாதிக்கு ஸ்டீல் வலை கட்டி, ஒன்று மூடிய பிறகே மற்றதைத் திறக்கும் பழக்கத்துக்கு வாருங்கள்.

மீறி வெளியே ஓடிடுச்சு. எங்க தேடறது?

வீட்டுக்குள் வளர்ந்த பூனை பெரும்பாலும் தூரம் போகாது, பயத்தில் அருகிலேயே ஒடுங்கி, கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. படிக்கட்டுக்கு அடியில், நிறுத்திய வண்டிகளுக்குக் கீழே, மீட்டர் அறை, மோட்டார் அறை, மொட்டை மாடித் தொட்டிக்குப் பின்னால் என்று குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கண் மின்னும். மாடிப்படியில் இறங்குவதைப்போலவே ஏறிப்போவதும் சகஜம், எல்லாத் தளத்தையும் பாருங்கள். தெரு அடங்கிய பிறகு, நள்ளிரவுக்கு மேல் ஒரு தடவையும் விடியுமுன் ஒரு தடவையும் போய்த் தேடுவதற்குப் பலன் அதிகம். பார்த்ததும் துரத்தாதீர்கள், தரையில் உட்கார்ந்து சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தட்டுங்கள்.

வாட்ச்மேனிடமும் பால், பேப்பர் போடுபவர்களிடமும் படத்தைக் காட்டி, மூடிய கடை, கார் ஷெட், காலி வீடு இருந்தால் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) போட்டிருந்தால் அதன் 15 இலக்க எண்ணை அருகிலுள்ள பூனை மருத்துவர்களுக்குச் சொல்லி வையுங்கள். அதன் சொந்தக் கூடையை, அது படுத்த துணியோடு, வாசலில் திறந்து வையுங்கள். ஒரு வாரம் கழித்தும் திரும்பி வந்து உட்கார்ந்த பூனைகள் உண்டு, அதனால் கூடையைச் சீக்கிரம் எடுத்துவிடாதீர்கள்.